நாணயமும் வரம்பும்

(தசலட்சண பர்வத்தின் ஆறாம் நாள் மாலை, சேதராப்பட்டில் ஆற்றிய உரை)

  

தசலட்சணத்தின் ஆறாம் நாள் சம்யமத்திற்கு உரியது. புலனடக்கம், தன்னடக்கம் என்று அதைத் தமிழில் சொல்கிறோம். ஆண்டுதோறும் இந்நாளில் ஐம்பொறிகளைப் பற்றிப் பேசுவது வழக்கம். இவ்வாண்டு என்னைப் பேச அழைத்தவரிடம், கடன் அட்டையைப் பற்றிப் பேச இசைவு தரவேண்டும் என்று கேட்டேன். அவர் சற்றுத் திகைத்து, "பர்வ நாளில் கிரெடிட் கார்டா ஐயா?" என்றார். ஆம், பர்வ நாளில்தான். கண்ணும் நாவும் இழுக்கும் இழுப்பெல்லாம் இன்று அந்தச் சிறு அட்டையின் வழியாகத்தான் நம் வீட்டுக்குள் நுழைகிறது. அடக்கம் பயில்வதற்கு அதைவிட நெருக்கமான இடம் எனக்குத் தென்படவில்லை.

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்றும் பொருள் உண்டு. நேர்மை என்றும் பொருள் உண்டு. கடன் என்னும் சொல்லும் அத்தகையதே. திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன், செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். இவ்விரண்டு சொற்களையும் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எனினும் அவற்றின் முழுப்பொருளை என் தமக்கை மகனுக்கு வந்த ஒரு வங்கிக் கடிதத்தைப் படித்தபோதுதான் நான் அறிந்தேன்.

நம்முள் பெரும்பாலோர் வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தினர். கடன் வாங்காதவர் என்பது நம் வீடுகளில் ஒரு பட்டம்போல் வழங்கிவந்தது. என் தந்தையார் மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருந்தார். அறுவடை தாமதமானால் கடைக்காரர் வாய்திறந்து கேட்கமாட்டார். 'நயினார் வீட்டு நாணயம்' என்ற சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. அந்த நாணயத்துக்குச் சாட்சி ஊர். தாத்தாவை அறிந்தவர்கள் பேரனை நம்பினார்கள்.

இப்போது நாம் பிழைக்க வந்திருக்கும் இடத்தில் நம் தாத்தாவை எவரும் அறியார். இந்தச் சேதராப்பட்டிலேயே, சற்றுத் தூரம் நடந்தால் புதுவை முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற எல்லை அது. எல்லைக்கு அப்பால் போனால் பேருந்து வேறு, வரி வேறு, அலுவலகம் வேறு. ஆனால் கடன் வரலாறு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு இந்த எல்லை கிடையாது. சேதராப்பட்டில் தவறிய தவணை வந்தவாசியில் வீட்டுக் கடன் கேட்கும்போது நமக்கு முன்னால் சென்று அமர்ந்துகொள்கிறது. ஊர் வைத்திருந்த நினைவை இன்று கடன் தகவல் நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. சிபில் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தோன்றியது. இத்தகைய நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. இன்று சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. இவை நம் நாணயத்துக்கு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் இடுகின்றன. நாற்பது வயது வரை ஒரு காசும் கடன் வாங்காத மனிதருக்கு மதிப்பெண்ணே இல்லை என்பது இதில் வேடிக்கை. தேர்வு எழுதாத மாணவனுக்கு எந்த ஆசிரியர்தான் மதிப்பெண் இடமுடியும்? முதன்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2025இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆயினும் நல்ல வரலாறு உடையவருக்கு வட்டி குறைவாகவும் கதவு விரைவாகவும் திறக்கிறது என்பது நடைமுறை.

இனி என் தமக்கை மகன் கதைக்கு வருகிறேன். அவன் இசைவைப் பெற்றே சொல்கிறேன். அவனும் இந்த அவையில்தான் இருக்கிறான்.

2019ஆம் ஆண்டு. இங்கே ஒரு தொழிற்சாலையில் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஆலை வாயிலில் மேசை போட்டு அமர்ந்திருந்த ஒரு முகவர் அவனுக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்தார். வரம்பு ரூ.60,000. விண்ணப்பத்தில் அவன் சம்பளத்தை அந்த முகவரே சற்றுக் கூட்டி எழுதினாராம். பொய்யாமை விரதத்துக்கு வரும் குற்றங்களுள் கூடலேக கிரியை, அதாவது பொய் ஆவணம் எழுதுதல், ஒன்று என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை நீங்கள் அறிவீர்கள். எழுதியவர் முகவரேயானாலும் கீழே ஒப்பமிட்டவன் நம் பிள்ளை. இதை இளைஞர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

முதலில் ஒரு கைப்பேசி வாங்கினான். பின்னர் அம்மாவுக்கென்று ஒரு குளிர்பதனப் பெட்டி. நான் ஒருமுறை கேட்டபோது, "மாமா, எல்லாவற்றுக்கும் புள்ளி சேர்கிறது" என்றான். மாதந்தோறும் கணக்கு அறிக்கை வந்தது. அதில் மொத்த நிலுவை ரூ.40,000 என்று ஒரு வரியும், செலுத்தவேண்டிய குறைந்தபட்சத் தொகை ரூ.2,000 என்று இன்னொரு வரியும் இருந்தன. அவன் அந்த இரண்டாயிரத்தை மாதத் தவணை என்று எண்ணிவிட்டான். தவறாமல் கட்டினான். ஒருநாள் என் தமக்கை அந்த அறிக்கைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "தம்பி, பிள்ளை மாதா மாதம் கட்டுகிறான். கடன் குறையவே மாட்டேன் என்கிறது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்" என்றார்.

தமிழில் முதுகலை படித்தவன் நான். அந்த ஆங்கில அறிக்கை எனக்கு எளிதில் வசப்படவில்லை. இரண்டு மாலைகள் ஆயின. புரிந்தபோது எழுதிப் பார்த்த கணக்கு இது. வட்டி மாதத்துக்கு 3.5 விழுக்காடு. நாற்பதாயிரத்துக்கு ரூ.1,400. அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., ரூ.252. ஆக ரூ.1,652. அவன் கட்டிய இரண்டாயிரத்தில் அசலில் குறைந்தது ரூ.348 மட்டுமே. ஓர் ஆண்டு முழுவதும் இப்படியே ரூ.24,000 கட்டினால், ஆண்டு முடிவில் நிலுவை ஏறத்தாழ ரூ.34,700 இருக்கும், அதுவும் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால். சேர்ந்த புள்ளிகளையும் எண்ணினேன். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு. நாற்பதாயிரம் ரூபாய்ச் செலவுக்குக் கிடைத்த வெகுமதி ரூ.100. ஒரு மாத வட்டிக்கும் வரிக்கும் ரூ.1,652 கொடுத்து நூறு ரூபாய்ப் பரிசு பெற்றிருக்கிறான்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். போளூர் அருகே திருமலையில் குந்தவை ஜினாலயக் கல்வெட்டைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். முதலாம் இராசேந்திரன் காலத்தில் ஒரு வணிகரின் மனைவி நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு அளித்த செய்தி அங்கே இருக்கிறது. முதல் அழியாமல் நிற்க, அதன் பொலிசையால் விளக்கு எரியவேண்டும் என்பது அக்கால அறக்கொடைகளில் பரவலாக இருந்த முறை. அட்டை நிலுவையில் இது தலைகீழாக நடக்கிறது. நாம் கட்டும் பணம் பொலிசையாகி வேறு எவர் வீட்டிலோ விளக்கெரிக்கிறது. முதல் மட்டும் நம் தலைமேல் அழியாமல் நிற்கிறது.

இதுவரை பிழை அவனுடையது. இனி வருவது என்னுடையது.

என் வைப்பிலிருந்து ரூ.40,000 எடுத்து அவனைக் கட்டச் செய்தேன். கட்டிய அன்று மாலை அவனை எதிரே நிறுத்தி, கத்தரிக்கோலை எடுத்து அட்டையை நான்காக வெட்டிக் குப்பையில் இட்டேன். ஆசையை வெட்டினேன் என்று ஒரு சிறு சொற்பொழிவும் நிகழ்த்தினேன். என் தமக்கை கண்கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அட்டையைத்தான் வெட்டினேன். கணக்கு வெட்டுப்படவில்லை. அறிக்கை தயாரான நாளுக்கும் நாங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாள்களின் வட்டி சில நூறு ரூபாய் அதில் நின்றது. அடுத்த ஆண்டின் ஆண்டுக் கட்டணம் அதனோடு சேர்ந்தது. தாமதக் கட்டணம், அதற்கு வட்டி, அதற்கு வரி என்று வளர்ந்தது. அவன் அறையை மாற்றியிருந்தான். கைப்பேசி எண்ணையும் மாற்றியிருந்தான். கடிதங்கள் பழைய முகவரிக்குப் போயின. 2023இல் வந்தவாசிப் பக்கம் வாங்கிய மனையில் வீடு கட்டக் கடன் கேட்டுப் போனபோது, வங்கி மேலாளர் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். ஓர் அட்டைக் கணக்கில் ஏழாயிரத்துச் சொச்சம் நிலுவை, பல மாதங்களாகக் கட்டப்படவில்லை என்று இருந்தது. வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது.

அவன் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. தமக்கையும் கூறவில்லை. அவர் அதன்பின் ஈராண்டு வீட்டைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நிலுவையை வசூலிக்க வந்தவர், மூவாயிரம் கட்டினால் கணக்கை முடித்துக்கொள்வதாகச் சொன்னார். ஆதாயம் என்று எண்ணி ஒப்புக்கொள்ள இருந்தோம். திரையைத் திருப்பிக் காட்டிய அந்த மேலாளரே எங்களைத் தடுத்தார். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால், அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும்; அடுத்துக் கடன் தருபவர் அதை முழுவதும் கட்டாதவர் என்றே படிப்பார். ஆகவே முழுத்தொகையையும் கட்டினோம். கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, நிலுவை இல்லை என்ற சான்றையும் எழுத்தில் பெற்றோம். அந்தத் தாளைத் தமக்கை பூசை அறையில் வைத்திருக்கிறார்.

பிறகு எழுந்த கேள்வி, கெட்ட பெயரை எப்படி மாற்றுவது என்பது. அட்டையால் கெட்ட பெயரை அட்டையால்தான் மாற்றவேண்டியிருந்தது. எனக்கு இது எளிதில் ஒப்பவில்லை. பல நாள் வாதிட்டேன். முடிவில் அவன் ரூ.25,000 நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன்மேல் ரூ.20,000 வரம்புள்ள ஓர் அட்டை பெற்றான். இத்தகைய அட்டைக்குச் சம்பளச் சான்றோ பழைய மதிப்பெண்ணோ பெரிதாகத் தேவைப்படுவதில்லை. வைப்பே பிணையாக நிற்கிறது, அதற்கு வட்டியும் வருகிறது. புதிதாக வேலைக்கு வந்தவர்க்கும், இல்லத்தரசியர்க்கும், பெயரை மீட்க விரும்புவோர்க்கும் நான் முதலில் சொல்லும் வழி இதுதான். மின்கட்டணம், மளிகை, மருந்து என மாதம் மூவாயிரம் நாலாயிரத்துக்கு மேல் அவன் அதில் செலவிடவில்லை. கட்டவேண்டிய நாளில் முழு நிலுவையும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகவே கழியுமாறு எழுதிக் கொடுத்தான். ஒன்றரை ஆண்டுக்குப் பின் வீட்டுக் கடன் கிடைத்தது. அதற்குள் சிமெண்டும் கம்பியும் ஏறிய விலையை நான் கணக்கிடத் துணியவில்லை.

அட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இப்போது சொல்லலாம். விளம்பரங்கள் எல்லாம் வெகுமதியிலிருந்து தொடங்குகின்றன. நாம் வெகுமதியைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

முதல் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இருக்கக்கூடாது. காரணம் உண்டு. கடன் வரலாற்றில் கணக்கின் வயதுக்கு மதிப்பு இருக்கிறது. முதல் அட்டையை நெடுங்காலம் வைத்திருப்பது நல்லது. கட்டணம் உள்ள அட்டையானால் ஆண்டுதோறும் அது வீட்டில் உறுத்திக்கொண்டே இருக்கும். சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் முதலில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் வைப்பின்மேல் பெறும் அட்டை. ஒரே மாதத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பிக்கவேண்டாம்; ஒவ்வொரு விண்ணப்பத்தின்போதும் வங்கி நம் வரலாற்றைக் கேட்டுப் பார்த்தது என்ற பதிவு விழுகிறது. பணத்துக்கு அலைபவர் என்று அது பொருள்படும். நம் ஊரில் நான்கு வீட்டுக் கதவைத் தட்டியவருக்கு ஐந்தாம் வீட்டில் என்ன நேரும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

விண்ணப்பத்தோடு ஒரு பக்க முக்கிய விவரக் குறிப்பைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு விதி. அதில் மாத வட்டியை மட்டும் பார்க்காமல் ஆண்டு வட்டியைப் பாருங்கள். மூன்றரை என்பது நாவுக்கு இலேசாக இருக்கிறது. ஆண்டுக்கு 42 என்று சொல்லிப் பாருங்கள். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்றது என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து இப்போதைக்கு நமக்குக் காப்பு இல்லை. விதிமுறைகள் ஆங்கிலம், இந்தி மட்டுமின்றி வட்டார மொழியிலும் இருப்பது விரும்பத்தக்கது என்று அதே வழிகாட்டு விதி சொல்கிறது. வங்கியில் தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள். இது தமிழாசிரியனின் தனிப்பட்ட வேண்டுகோளும்கூட.

வட்டியில்லாக் காலம் என்று சொல்கிறார்களே, அதன் சூட்சுமத்தைப் பலரும் அறியவில்லை. மாதக் கணக்கு 5ஆம் நாள் முடிகிறது, கட்டவேண்டிய நாள் 25 என்று வைத்துக்கொள்வோம். 6ஆம் நாள் வாங்கிய பொருளுக்கு அடுத்த மாதம் 25 வரை, ஏறத்தாழ ஐம்பது நாள், வட்டி இல்லை. 4ஆம் நாள் வாங்கியிருந்தால் மூன்று வாரம். ஆனால் முந்தைய அறிக்கையின் நிலுவையை முழுவதும் கட்டியவருக்கே இச்சலுகை. அதில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தவர், இன்று காலை வாங்கிய மருந்துக்கும் இன்று முதலே வட்டி கொடுக்கிறார். அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தால் எவருக்கும் இச்சலுகை இல்லை. எடுத்த நாள் முதல் வட்டி, அதற்கு மேல் ஒரு கட்டணம். மருத்துவமனை வாசலில் நிற்கும் நிலை வந்தாலன்றி அதைச் செய்யவேண்டாம். மருத்துவமனையும் பெரும்பாலும் அட்டையையே வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது வரம்பு. நம் சொல் அது. வயலின் வரப்பைக் குறித்த சொல். ரூ.60,000 வரம்பு என்று வங்கி சொன்னபோது என் மருமகன் அதைத் தனக்குரிய பணத்தின் அளவு என்று எண்ணினான். உண்மையில் அது வங்கி எவ்வளவு துணிந்து நம்மிடம் இழக்கலாம் என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட அளவு. நமக்குரிய அளவை நாம்தான் போடவேண்டும். மிகுபொருள் விரும்பாமை என்று நாம் ஏற்கும் அணுவிரதத்துக்குப் பரிக்கிரக பரிமாணம் என்று பெயர். பரிமாணம் என்றால் அளவு. பொருளே கூடாது என்று இல்லறத்தாருக்கு யாரும் விதிக்கவில்லை. அளவை நீயே குறித்துக்கொள், குறித்தபின் தாண்டாதே என்பதே விதி. சமந்தபத்திரர் இவ்விரதத்துக்கு எண்ணும் ஐந்து குற்றங்களுள் அளவுமீறிச் சேர்த்தலும், பிறர் செல்வம் கண்டு வியந்து ஏங்குதலும், மீறிய சுமையை ஏற்றுதலும் இருக்கின்றன. அதிபாரம் என்று அவர் சொன்னது வண்டி மாட்டின்மேல் ஏற்றும் சுமையைப் பற்றி. ரூ.18,000 சம்பளத்தின்மேல் ரூ.60,000 ஏற்றுவதற்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடன் தகவல் நிறுவனங்களின் கணக்கும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. வரம்பில் 30 விழுக்காட்டுக்குள் பயன்படுத்துபவரின் மதிப்பெண் நன்றாக நிற்கிறது. வரம்பின் விளிம்புவரை போய், மறுநாளே முழுவதும் கட்டிவிடுபவருக்கும் சில மாதங்களில் மதிப்பெண் தளர்வதுண்டு. ரூ.20,000 வரம்பானால் ரூ.6,000 என்று ஒரு வரப்பு போட்டுக்கொள்ளுங்கள். அதை வீட்டில் இருவர் அறியும்படி நாட்காட்டியில் எழுதி வையுங்கள். வரம்பைக் கூட்டித் தருகிறோம் என்று தொலைபேசியில் அழைப்பார்கள். உங்கள் வெளிப்படையான இசைவு இல்லாமல் அவர்கள் கூட்டலாகாது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அன்றைய சம்யமம் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

வெகுமதிக்கு வருகிறேன். முழு நிலுவையையும் மாதந்தோறும் கட்டுபவருக்கு மட்டுமே வெகுமதி என்று ஒன்று உண்டு. மற்றவர் தம் வட்டியில் ஒரு துளியைத் திரும்பப் பெறுகிறார், அவ்வளவுதான். முழுவதும் கட்டுபவர் தம் வீட்டுச் செலவேட்டை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். அட்டை வருவதற்கு முன்பே நாம் எதற்குச் செலவிட்டுவந்தோமோ அதற்குத் திரும்பத் தரும் அட்டையே நமக்கானது. புள்ளிகளைவிடப் பணமாகவே திரும்ப வரும் அட்டை எளியது. புள்ளிக்குக் காலாவதி உண்டு, மாற்றுவதற்கும் சிலர் கட்டணம் கேட்கிறார்கள். எரிபொருள், வாடகை போன்ற செலவுகளுக்குப் பல அட்டைகள் எதுவும் தருவதில்லை. ஆண்டுக் கட்டணம் ரூ.499 என்றால் வரியோடு ரூ.589 ஆகிறது. நூற்றுக்கு ஒரு ரூபாய் திரும்பத் தரும் அட்டையில் அந்தக் கட்டணத்தை மீட்கவே ஏறத்தாழ ரூ.59,000 செலவிடவேண்டும். ஆண்டில் இவ்வளவு செலவிட்டால் கட்டணம் தள்ளுபடி என்பார்கள். அந்த எல்லையைத் தொடுவதற்காக மார்ச் மாதத்தில் தேவையற்ற மின்விசிறி வாங்கியவரை நான் அறிவேன்.

உணவகச் சலுகை மிகுந்த அட்டைகளைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1950இல் டைனர்ஸ் கிளப் என்று தொடங்கிய அட்டையும் உணவக மேசையில் பயன்படவே பிறந்தது. அந்தக் குலவழக்கம் தொடர்கிறது போலும். பொழுது சாய்ந்தபின் உண்ணாத, கிழங்கும் வெங்காயமும் ஒதுக்கும் வீட்டுக்கு இரவு விருந்தில் இருபது விழுக்காடு தள்ளுபடி எதற்கு? விமான நிலைய ஓய்வறைச் சலுகையும் அப்படியே. நாம் மேல்சித்தாமூருக்கும் பொன்னூர் மலைக்கும் பேருந்தில் போகிறவர்கள். ஆனால் சம்மேத சிகர யாத்திரைக்கு ஆண்டுதோறும் ரயிலில் செல்லும் குடும்பமானால், ரயில் பயணச்சீட்டுக்குச் சலுகை தரும் அட்டையைப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. ரூபே அட்டைகளை 2022 முதல் யு.பி.ஐ.யோடு இணைத்துக் கடையில் உள்ள குறியீட்டைப் படம்பிடித்துச் செலுத்தவும் முடிகிறது. மளிகைக் கடை வரை அட்டை செல்வதற்கு இது வசதி. காய்கறிக்காரரிடம்கூடக் கடன் சொல்லப் பழகிவிடுவோம் என்பது இதிலுள்ள இடர். அதனால் நான் இணைத்துக்கொள்ளவில்லை. இளைஞர்கள் தங்கள் மனத்தின் வலிமையை அறிந்து முடிவு செய்யலாம்.

நமக்குள்ள உரிமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்காமல் அட்டை அனுப்பி, அதற்குக் கட்டணமும் கேட்டால், அந்தக் கட்டணத்தை நீக்குவதோடு அதன் இருமடங்கை வங்கி உங்களுக்குத் தண்டமாகத் தரவேண்டும். நிலுவை இல்லாத அட்டையை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாள்களுக்குள் மூடவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.500. இந்த விதி 2022இல் வந்தது. எங்கள் கத்தரிக்கோல் 2019இல் வந்துவிட்டது. கட்டவேண்டிய நாளுக்குப் பின் மூன்று நாள் கடந்தால்தான் தாமதக் கட்டணமும் தாமதம் என்ற பதிவும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். 2025 ஜனவரியில் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்பும் முறை வந்ததிலிருந்து, கட்டியதும் தவறியதும் விரைவில் ஏறிவிடுகின்றன. அறிக்கையில் பிழை கண்டு முறையிட்டால் முப்பது நாளுக்குள் திருத்தவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. வங்கிக்கு எழுதி முப்பது நாளாகியும் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448. அட்டை எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்டு அழைப்பவர் வங்கியைச் சேர்ந்தவராக இருக்கமாட்டார். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. கணவர் பெயரில் உள்ள அட்டையின் துணை அட்டை உங்கள் கையில் இருந்தால், அதன் கடன் கணவர் கணக்கில்தான் ஏறுகிறது. உங்களுக்கென்று வரலாறு வேண்டுமானால் உங்கள் பெயரில் ஒரு சிறு வைப்பும் அதன்மேல் ஓர் அட்டையும் வேண்டும். பிள்ளையின் கல்விக் கடனில் உங்கள் ஒப்பம் கேட்கும் நாளில் அது துணை செய்யும். என் தமக்கை அறுபத்தெட்டு வயதில் ரூ.15,000 வைப்பில் ஓர் அட்டை பெற்றிருக்கிறார். மாதம் ஒருமுறை எரிவாயு உருளைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறார். கட்டிய ரசீதை என்னிடம் காட்டுவதில்லை, மகனிடம்தான் காட்டுகிறார்.

உரை முடிந்ததும் ஆரத்தி வரை அரை மணி நேரம் இருக்கிறது. என் மருமகன் மண்டபத்தின் கிழக்குத் திண்ணையில் அமர்ந்திருப்பான். தங்கள் கணக்கு அறிக்கையைக் கொண்டு வந்திருப்பவர்கள் அவனிடம் காட்டலாம்; மொத்த நிலுவை எது, குறைந்தபட்சத் தொகை எது என்று கோடிட்டுத் தருவான். இலவச அறிக்கையைக் கைப்பேசியில் பெறும் முறையையும் காட்டுவான். அட்டையின் எண்ணை அவனிடமும் சொல்லவேண்டாம். பெரியவர்கள் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாருங்கள். எழுத்து மிகவும் சிறியது.